ஆர்லோவ் வெள்ளி: எடைக்குப் போகாமல் தப்பிய ஒரு சூப் பாத்திரம்

ஆர்லோவ் என்றதும் நம்மில் பலருக்கு வைரம்தான் நினைவுக்கு வரும். ஸ்ரீரங்கம் கோயில் சிலையின் கண்ணாக இருந்ததை ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் பெயர்த்துக்கொண்டு ஓடினான் என்று சொல்வார்களே, அந்த வைரம். கதையில் எவ்வளவு உண்மை என்பது தனி வழக்கு. கல் மட்டும் நிஜம். ஏறக்குறைய 190 கேரட் எடையோடு ரஷ்யப் பேரரசர்களின் செங்கோலின் உச்சியில், கிரெம்ளினில் இன்றும் இருக்கிறது. பேரரசி இரண்டாம் கேத்தரினுக்கு அதைக் கொடுத்தவர் அவருடைய முன்னாள் காதலர் கிரிகோரி ஆர்லோவ்.

அந்த வைரத்தை எல்லோரும் பேசியாயிற்று. அதற்கு முன்பே கேத்தரின் ஆர்லோவுக்குக் கொடுத்த வெள்ளியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மூவாயிரம் உருப்படிகளுக்கு மேல் இருந்த பிரெஞ்சு விருந்துப் பாத்திரத் தொகுதி அது. இன்று உலகத்து அருங்காட்சியகங்களில் உதிரி உதிரியாகக் கிடக்கிறது. பெரும்பாலான விளக்க அட்டைகள் அதைக் காதல் பரிசாகச் சொல்லி முடித்துக்கொள்கின்றன. எனக்கு அது ஒரு கணக்குப் புத்தகமாகத்தான் தெரிகிறது.

ஒரே ஒரு உருப்படியிலிருந்து தொடங்குவோம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், தாங்கு தட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் மூடி போட்ட பெரிய சூப் பாத்திரம். அதன் பதிவெண் 33.165.2ஏ–சி. அருங்காட்சியகப் பதிவெண்கள் ரேஷன் கார்டு எண் மாதிரி அர்த்தமில்லாதவை அல்ல. 33 என்றால் 1933இல் வந்தது. 165 அந்த ஆண்டின் வரவு வரிசை. 2 அந்த வரவில் இரண்டாவது பொருள். ஏ, பி, சி என்பவை பாத்திரம், மூடி, தட்டு போன்ற தனித்தனிப் பாகங்கள். மூடியைத் தனியாகத் துடைக்க எடுத்தால்கூட அதற்கென்று ஓர் எழுத்து உண்டு. மூவாயிரத்தில் ஒன்றாக இருந்து வழிதவறி வந்த பொருளுக்கு இந்தக் கறார் தேவைதான்.

பாத்திரத்தின் வயது 1770–71. செய்தவர் பாரிசின் அரண்மனைத் தட்டார் ஜாக்-நிக்கோலா ரொட்டியே. பிரெஞ்சில் இந்த வகைக்குப் பெயர் 'பொ-ஆ-ஓய்', அதாவது ஓய் வைக்கிற பானை. ஓய் என்பது ஸ்பெயினின் 'ஓயா போத்ரீதா'விலிருந்து வந்த குழம்பு: பல வகை இறைச்சியும் காய்கறியும் ஒன்றாகப் போட்டு நெடுநேரம் கொதிக்க வைப்பது. வட்டமாக இருந்தால் ஓய் பானை, நீள்வட்டமாக இருந்தால் 'தெரீன்'. எளிய அடுப்படிச் சமையல் ஒன்றுக்கு ஐரோப்பாவின் அரசவைகள் இத்தனை பகட்டான பானையைச் செய்துகொண்டதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

அந்தக் காலத்து விருந்து முறை தெரியாவிட்டால் மூவாயிரம் உருப்படி எதற்கு என்பது புரியாது. விருந்தாளிகள் வந்து உட்காரும்போது மேசை ஏற்கெனவே நிரம்பியிருக்க வேண்டும். வாழையிலையில் எது எங்கே என்று நமக்கு ஒரு வரிசை இருப்பதைப் போல, அவர்களுக்கு முழு மேசையிலும் ஒரு வரைபடம் உண்டு. இந்த மூலையில் ஒரு சூப் பானை என்றால் எதிர் மூலையில் அதன் இரட்டை நிற்கும். நடுவே அலங்காரத் தாங்கி. சுற்றிலும் மூடித் தட்டுகள், உப்புக் கிண்ணங்கள், கடுகுச் சிமிழ்கள், மதுப்புட்டியைக் குளிரவைக்கும் வாளிகள், மெழுகுவர்த்திக் கொத்துகள். ஒரு சுற்று முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதே வரைபடத்தில் அடுத்த சுற்றை வைப்பார்கள். ஆளுக்கு ஒரு தட்டு, சுற்றுக்கு ஒரு தட்டு என்று பெருக்கிப் பாருங்கள். அறுபது பேருக்கான விருந்தே ஆயிரங்களைத் தொட்டுவிடும்.

கேத்தரினின் மனதில் இருந்த எண்ணிக்கையும் அந்த அறுபதுதான். 1770இல் பீட்டர்ஸ்பர்கில் மகா பீட்டரின் குதிரைச் சிலையைச் செய்துகொண்டிருந்த பிரெஞ்சுச் சிற்பி ஃபால்கொனேயிடம் வெள்ளிப் பாத்திர வரைபடங்கள் சில இருப்பதாகப் பேரரசி கேள்விப்படுகிறார். உடனே அவருக்கு எழுதுகிறார்: காட்டினால் பார்ப்பேன், அறுபது பேருக்கு ஒன்று செய்யச் சொல்லவும் தோன்றலாம் என்ற தொனியில். சும்மா பார்க்கலாம் என்று கடைக்குள் போகிறவரின் பேச்சு. வேலை பாரிசில் ரொட்டியே பட்டறைக்குப் போனது. ஒரே பட்டறையால் சமாளிக்க முடியாத அளவு என்பதால் வேறு சில பட்டறைகளும் கைகொடுத்தன.

ரொட்டியே குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பரம்பரையாக நாணய அச்சும் பதக்கமும் வெட்டியவர்கள். தந்தை ஜாக் ரொட்டியே 1736இல் பூர்போன் கோமகனுக்காகச் செய்த மேசை நடு அலங்காரம் லூவ்ரில் இருக்கிறது. வேட்டை நாய்கள் மானைச் சுற்றிப் பாய்ந்து நிற்கும். எந்தக் கோடும் நேராக இல்லை, எல்லாம் சுழலும், நெளியும், துள்ளும். ரொகோகோ பாணியின் உச்சம். முப்பத்தைந்து ஆண்டு கழித்து அதே குடும்பத்திலிருந்து வந்த இந்தப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்தால் வேறு ஊர்க்காரர் செய்தது போலிருக்கும். வடிவத்தில் ஒழுங்கு, இடதும் வலதும் ஒன்றுக்கொன்று கண்ணாடி, லாரல் இலை மாலைகள், கல்தூணில் வெட்டியது போன்ற வரிப்பள்ளங்கள்.

இடையில் நடந்தது அகழாய்வு. இத்தாலியில் எரிமலை மூடிய ரோமானிய ஊர்களான ஹெர்குலேனியத்தில் 1738இலும் பொம்பெயியில் 1748இலும் தோண்டத் தொடங்கினார்கள். எரிமலைச் சாம்பலுக்குள்ளிருந்து ரோமானியரின் வீடும் விளக்கும் கிண்ணமும் வெளிவந்தன. 1760களில் பாரிசில் 'கிரேக்க ரசனை' என்று ஒரு மோகம் கிளம்பியது. நாற்காலிக்கால் முதல் தலைமுடி அலங்காரம் வரை அதில் விழுந்தது. நியோகிளாசிக்கல் என்று இன்று நாம் சொல்வதன் தொடக்கம் அதுதான். கேத்தரின் வாங்கியது, ஆக, பழைமையின் சாயலில் வந்த புத்தம்புதிய ஃபேஷன். ரஷ்யாவை ஐரோப்பாவின் முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அதற்குப் பாரிஸ்காரர்களே இன்னும் பழகிக்கொண்டிருந்த பாணியில், பாரிஸ்காரர்களுக்கே கட்டுப்படியாகாத அளவில் வாங்குவது நல்ல உபாயம்.

இனி பாத்திரத்தைக் கவிழ்ப்போம். வெள்ளி படிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது அடிப்பாகத்தைத்தான். பாரிஸ் வெள்ளியில் பொதுவாக நான்கு முத்திரைகளைத் தேடுவார்கள். முதலாவது செய்தவருடையது: கிரீடம் வைத்த லில்லிப்பூ, இரண்டு சின்னப் புள்ளிகள், பெயரின் முதலெழுத்துகள், அவருக்கென்று ஒரு தனிச் சின்னம். பாத்திரம் அரைகுறையாக இருக்கும்போதே இதைக் குத்திவிட்டு வரிக் குத்தகைக்காரரிடம் எடுத்துப்போக வேண்டும். இவ்வளவு வெள்ளி, இதற்கு வரி பாக்கி என்று அவர் இரண்டாவது முத்திரை குத்துவார். பிறகு தட்டார் சங்கத்துக்குப் போனால் மாற்றுச் சோதித்து அந்த ஆண்டுக்குரிய எழுத்தைக் குத்துவார்கள். எந்த ஆண்டில் செய்தது என்று இன்று நாம் சொல்ல முடிவது அந்த எழுத்தால்தான். வேலை முடிந்து வரியும் கட்டிய பிறகு நான்காவது, மிகச் சிறிய விடுவிப்பு முத்திரை.

முதல் முத்திரையிலுள்ள அந்த இரண்டு புள்ளிகளுக்கும் அர்த்தமுண்டு. பாரிசில் வெள்ளியின் மாற்று ஆயிரத்துக்கு 958. லண்டனின் ஸ்டெர்லிங் 925தான். 958இலிருந்து எவ்வளவு வரை குறையலாம் என்ற சலுகையின் அடையாளம் அந்தப் புள்ளிகள். ஆக, தட்டாரின் கையெழுத்திலேயே உலோகக் கணக்கு ஏறியிருக்கிறது. நான்கு முத்திரைகளில் ஒன்றுகூட அழகைப் பற்றிப் பேசவில்லை. யார் பொறுப்பு, எவ்வளவு சுத்தம், வரி கட்டியாயிற்றா, அவ்வளவுதான்.

இங்கேதான் நம் நகைக்கடைப் பேச்சு கைகொடுக்கிறது. செய்கூலி, சேதாரம். பாரிஸ் தட்டாரின் ரசீதிலும் உலோகத்தின் விலை ஒரு பக்கம், செய்கூலி ஒரு பக்கம். தகட்டை அடித்து வயிறு எடுப்பது, கைப்பிடியையும் மூடிக் குமிழையும் வார்த்து எடுப்பது, இலை இலையாக நகாசு வேலை, பற்றவைப்பு, மெருகு எல்லாம் செய்கூலியில் சேரும். ரொட்டியே போன்றவர்களிடம் அது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் பழைய கொலுசை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கடைக்குப் போய்ப் பாருங்கள். தராசில் போடுவார்கள், பொடிக்கும் அழுக்கும் கழிப்பார்கள், மிச்சத்துக்குக் காசு. பாட்டி ஆசையாகப் பார்த்துப் பார்த்துச் செய்யச் சொன்ன வேலைப்பாட்டுக்குச் சல்லிக்காசு கிடையாது. உருக்கும் நொடியில் செய்கூலி பூஜ்யமாகிவிடும்.

பிரான்சில் அந்த நொடி திரும்பத் திரும்ப வந்தது. பதினான்காம் லூயி 1689இல் வெர்சாய் அரண்மனையின் வெள்ளி மேசை, நாற்காலி, பூந்தொட்டிகளை எல்லாம் போர்ச் செலவுக்காக உருக்க அனுப்பினார். 1709இல் மீண்டும். 1759இல், ஏழாண்டுப் போர் நடுவே, பதினைந்தாம் லூயி தம்முடையதை அனுப்பிப் பிரபுக்களையும் அனுப்பச் சொன்னார். கடைசியில் புரட்சி வந்து மிச்சத்தையும் வழித்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் உயர்ந்த பிரெஞ்சு வெள்ளியைப் பெரும் தொகுதியாகப் பார்க்கப் பிரான்சை விட்டு வெளியே போக வேண்டியிருப்பதன் காரணம் இதுதான். 1755 நிலநடுக்கத்தில் தன் வெள்ளியை இழந்த போர்த்துகீசிய அரசவை, பாரிசில் ஃபிரான்சுவா-தோமா ஜெர்மேனிடம் புதிதாக வாங்கியது லிஸ்பனில் பிழைத்திருக்கிறது. ஆர்லோவ் தொகுதி பிழைத்ததும் அப்படித்தான், ஊரை விட்டுப் போனதால். பாரிசிலேயே தங்கியிருந்தால் 1790களைத் தாண்டியிருக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

அந்தக் காதல் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், சுருக்கமாக. 1762இல் கணவர் மூன்றாம் பீட்டரைக் கவிழ்த்துக் கேத்தரின் அரியணை ஏற உதவியவர்கள் ஆர்லோவ் சகோதரர்கள். அவர்களில் கிரிகோரி பத்தாண்டுக்கு மேல் அவருடைய துணைவராக இருந்தார். 1771இல் மாஸ்கோவில் கொள்ளைநோயும் கலவரமும் வந்தபோது போய் நிலைமையை அடக்கினார். 1772இல் துருக்கியரோடு சமாதானம் பேச ஃபோக்ஷானிக்குப் போயிருந்தார். அந்த இடைவெளியில் அரண்மனையில் வேறொருவர் அவர் இடத்துக்கு வந்துவிட்டார். சேதி கேட்டுப் பறந்து வந்த ஆர்லோவைத் தலைநகருக்குள்ளேயே விடவில்லை. பிறகு நடந்தது பேச்சுவார்த்தை: ஆண்டுத் தொகை, நிலத்தோடு பண்ணையடிமைகள், பட்டம், அதோடு இந்த வெள்ளி.

தேதிகளைக் கவனியுங்கள். ஆர்டர் 1770இல், கைமாறியது 1772இல், உறவு முறிந்த ஆண்டில். இதைக் காதல் பரிசு என்று அட்டையில் எழுதினால் பாதிதான் உண்மை. பிரிவுக் கணக்கை முடிக்கக் கொடுத்த பெரும் செட்டில்மென்ட்டில் ஒரு பங்கு என்பதே சரி. வெள்ளி அதற்கு மிகப் பொருத்தமான ஊடகம். கொடுக்கிறவருக்குக் கௌரவம், வாங்குகிறவருக்கு எந்த நேரமும் காசாக்கக்கூடிய சொத்து. ஆர்லோவ் உருக்கவில்லை. 1783இல் மனநிலை குலைந்து அவர் இறந்தார். அடுத்த ஆண்டே கேத்தரின் வாரிசுகளிடம் விலை பேசித் தொகுதியைத் திரும்ப வாங்கிக் குளிர்கால அரண்மனைக்குக் கொண்டுவந்தார். தாம் கொடுத்ததைத் தாமே காசு கொடுத்து வாங்கியவர். இதில் பாசமும் இருந்திருக்கலாம், நல்ல பாத்திரத்தை விட மனமில்லாத இல்லத்தரசித்தனமும் இருந்திருக்கலாம். ஆர்லோவின் பெயர் மட்டும் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது.

அரண்மனைக்குள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அமைதி. ஆனால் பாத்திரம் என்றால் புழங்கும், தேயும், காணாமல் போகும். நம் வீட்டுக் கல்யாணங்களுக்குப் பிறகு கரண்டி எண்ணிப் பார்க்கிற கதைதான். அரண்மனை வெள்ளிகளுக்கு ஃபோல்கர்சாம் பிரபு தயாரித்த விரிவான பட்டியல் 1907இல் வெளியானபோது, தொடக்கத்தில் இருந்ததில் பெரும்பகுதி மிஞ்சவில்லை. 1914இன் போரும் 1917இன் புரட்சியும் இன்னும் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விருந்து முறையும் இதற்குள் மாறிவிட்டது. எல்லாவற்றையும் முன்பே பரப்பி வைக்கும் பிரெஞ்சு முறை போய், பணியாள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பரிமாறும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கப் பரவியது. அதற்குப் பெயர் 'ரஷ்ய முறை'. மேசை நடுவில் பானை நிற்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பிரெஞ்சுப் பானையை வாங்கி வைத்த நாட்டின் பெயரிலேயே அதன் வேலைக்கு உலை வந்தது ஒரு வேடிக்கை.

1917க்குப் பிறகு தொகுதி சோவியத் அரசின் சொத்து. 1920களின் இறுதியில் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு இயந்திரங்கள் வாங்க அந்நியச் செலாவணி வேண்டியிருந்தது. பீட்டர்ஸ்பர்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்திலிருந்தும் அரண்மனைகளிலிருந்தும் கலைப்பொருள்களை ரகசியமாக விற்கத் தொடங்கினார்கள். அமெரிக்க நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெலன் 21 ஓவியங்களை வாங்கினார். எண்ணெய் வியாபாரி கலூஸ்த் குல்பெங்கியன் ஓவியங்களோடு பிரெஞ்சு வெள்ளியையும் குறிவைத்து வாங்கினார். இதே குல்பெங்கியன்தான் 1930இல் சோவியத் அதிகாரிக்கு எழுதினார்: எதை வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளுங்கள், அருங்காட்சியகப் பொருளில் மட்டும் கைவைக்காதீர்கள், நாட்டின் மதிப்பே கெட்டுவிடும் என்று. கூடவே, விற்றே தீருவதென்றால் முதலில் என்னிடம் வாருங்கள் என்றும்.

எனக்கு இந்த இடம்தான் கதையின் திருப்பமாகப் படுகிறது. உலோகமாகப் பார்த்தால் இந்த வெள்ளியின் விலை இயந்திரங்களுக்குக் காணாது. பிரெஞ்சு அரசர்கள் அலட்சியமாக உலைக்கு அனுப்பிய செய்கூலிக்குத்தான் பாரிசிலும் நியூயார்க்கிலும் பணம் கிடைத்தது. அது மாஸ்கோவின் வியாபார அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. பொருள் நாடு விட்டுப் போனதில் ரஷ்யர்களுக்கு இன்றும் ஆற்றாமை உண்டு, நியாயமும்கூட. ஆனாலும் இந்த முறை பாத்திரத்தைத் தராசில் ஏற்றாமல் விலை பேசினார்கள்.

விற்பனையில் வெளிவந்தவற்றில் சில பாரிசுக்கே திரும்பின. மொய்ஸ் த கமோந்தோ என்ற வங்கியாளர், இஸ்தான்புல்லிலிருந்து வந்த யூதக் குடும்பத்தவர், தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் வாங்கினார். பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்ஸ்தான் அவருடைய உலகம். மோன்சோ தெருவில் 1911–14இல் கட்டிய வீட்டை வெர்சாயின் குட்டி திரியானோன் மாளிகையை மனதில் வைத்தே கட்டினார். மகன் நிசிம் 1917இல் விமானப் போரில் இறந்தபின், வீட்டையும் பொருள்களையும் மகன் பெயரில் பிரான்சுக்கு எழுதிவைத்தார். 1935இல் மொய்ஸ் இறந்தார். 1936இல் அருங்காட்சியகம் திறந்தது. மகள் பெயத்ரீஸ், அவர் கணவர், இரண்டு பிள்ளைகள் அனைவரையும் சில ஆண்டுகளில் பிரான்சிலிருந்தே ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். ஒருவரும் திரும்பவில்லை. நாட்டுக்குக் கொடுத்த வெள்ளி பத்திரமாக இருந்தது.

இரண்டு அருங்காட்சியகங்களும் காட்டுகிற விதம் வேறு. நியூயார்க்கில் பாத்திரம் சிற்பம் போல நிற்கிறது. வேலைப்பாட்டைப் படிக்க அதுவே வசதி. கமோந்தோ வீட்டில் ஒரு சாப்பாட்டு அறையின் பகுதியாக இருக்கிறது. வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும் என்பது மொய்ஸின் நிபந்தனை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பக்கத்தில் சமையலறை இருந்தால்தான் இது பானை என்று உறைக்கிறது. ஆனால் அங்கும் ஏமாற்று உண்டு: ஆர்லோவும் கேத்தரினும் அந்த அறையில் சாப்பிட்டவர்கள் அல்ல, பாத்திரம் அந்த வீட்டுக்கு வந்ததே நூற்றறுபது ஆண்டு கழித்து.

இனி இதற்கு எதிரி உலை இல்லை, துடைப்புத் துணி. காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுக்கிறது. ஒவ்வொரு முறை தேய்த்து மினுக்கும்போதும் அந்தக் கறுப்போடு ஒரு மெல்லிய படலம் வெள்ளியும் போகிறது. முதலில் மழுங்குவது இலை நரம்பும் முத்திரையின் விளிம்பும். கடையில் விற்கிற முக்கி எடுக்கும் திரவத்தை அருங்காட்சியகக்காரர்கள் தொடமாட்டார்கள். அது நகாசுப் பள்ளங்களில் வேண்டுமென்றே விட்டுவைத்த நிழலையும் கரைத்துவிடும். நைசான சுண்ணப்பொடியைச் சுத்த நீரில் குழைத்துப் பஞ்சால் மெல்லத் தேய்ப்பார்கள். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் கந்தகத்தை உறிஞ்சும் கரி. பெட்டியின் உள்விரிப்பில் கம்பளியும் ரப்பரும் கூடாது. இரண்டிலும் கந்தகம் இருக்கிறது.

அக்காலத்துப் பெரிய தொகுதிகளில் பாத்திரத்தின் அடியில் எடையைக் கீறி வைப்பது வழக்கம். திருட்டுப் போனாலோ பாகம் மாறினாலோ தெரிய வேண்டும் என்பதற்காக. அப்படிக் கீறிய உருப்படி கைக்கு வரும்போது இன்றைய காப்பாளர் அதைத் தராசில் வைத்து, பழைய கணக்கான மார்க்கை கிராமாக்கி ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஒரு மார்க் 244.75 கிராம். அதிகமாக இருந்தால் பிற்காலத்தில் ஏதோ ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று திருகாணியையும் பற்றவைப்பையும் தேடுவார். கொஞ்சம் குறைந்திருந்தால் அது இருநூற்றைம்பது ஆண்டு பணியாட்கள் தேய்த்துத் தேய்த்து எடுத்த சேதாரம். கோப்பில் குறித்துக்கொண்டு மூடியைத் திரும்ப வைப்பார்.